போராங் சுகுமாறனும் அணு உலையும்

பிரிக்பீல்ட்ஸில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பேச்சு இது. எங்கள் ஃப்ளாட்டு ஆறாம் மாடி சுகுமாறன், வெளிநாட்டில் எங்கேயோ இருக்கும் ஓர் அணுமின் நிலையத்தை ஒரே ஒரு போராங், அதாவது படிவம், எழுதிக் கொடுத்து நிறுத்திவிட்டாராம். ஆயிரம் இஞ்சினியர்கள் கண்ணில் படாத பழுதை நம்ம ஆள் கண்டுபிடித்தாராம். நன்றிகெட்ட கம்பெனி அதற்குப் பரிசாக அவருடைய முத்திரையைப் பிடுங்கிக்கொண்டு, அவரைப் பெட்டி கட்டுகிற பகுதிக்குத் தள்ளிவிட்டதாம்.

இது மாமாக் டீக்கடையில் காலை எட்டு மணி நிலவரம். அதே பேச்சு கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளான் போய் இறங்குவதற்குள் உலை பாதி வெடித்திருந்தது. மத்தியானம் பந்திங்கிலிருந்து என் மச்சினிச்சி போன் போட்டாள். "மாமா, சுகுமாறன் அண்ணன் கதிர்வீச்சு பட்டு ஆஸ்பத்திரில கெடக்குறாராமே, பழம் வாங்கிட்டு வரவா?" என்றாள். அந்த நேரத்தில் கதிர்வீச்சு பட்டவர் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து, எரியாத ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே, அந்த ட்யூப் லைட்டைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

உண்மைக் கதை எனக்குத் தெரியும். பாதி அவர் மனைவி லோகேஸ்வரி சொன்னது. பாதி அவரோடு வேலை செய்யும் வாசு சொன்னது. நடுவில் இருந்த ஓட்டைகளை நானே அடைத்துவிட்டேன். சொல்கிறேன், ஆனால் அதற்கு முன் சுகுமாறன் எந்த இனத்தைச் சேர்ந்தவர் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் போராங் மனிதர்.

போராங் நிரப்பாமல் இந்த நாட்டில் ஒருவன் பிறக்கவும் முடியாது, சாகவும் முடியாது. பேர் எழுது, அடையாளக் கார்டு நம்பர் எழுது, கையெழுத்துப் போடு. அந்தத் தாளைக் கண்டதும் நீங்களும் நானும் என்ன செய்வோம்? பேனா இல்லை என்று பக்கத்து ஆளைப் பார்ப்போம். போராங் மனிதர் அப்படி இல்லை. அவர் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஒன்று எழுதுவதற்கு. இன்னொன்று, முதல் பேனா எழுதாமல் போனால் அதைப் பற்றிப் பேனா கம்பெனிக்கு எழுதுவதற்கு.

நமக்கு லிஃப்ட் வந்தால் லிஃப்ட் வந்துவிட்டது, அவ்வளவுதான். அவருக்கு, லிஃப்ட் மூன்று விநாடி தாமதமாக வந்தது, நான்காம் மாடிப் பொத்தானில் விளக்கு எரியவில்லை, கதவு மூடும்போது பூனை மாதிரி ஒரு சத்தம் வருகிறது, தரையில் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது. உடனே போனை எடுப்பார், தூக்கிக்கொண்டு நிற்கும் மூலைக்குப் பக்கத்தில் ஓர் ஐம்பது சென் காசை வைப்பார், படம் பிடிப்பார். காசு எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள். "அளவு தெரியணும்ல?" என்பார். பிறகு தேதி, மணி, சாட்சி. சாட்சி நீங்கள்தான். எங்கள் ஃப்ளாட்டில் பலர் ஆறு மாடியும் நடந்தே ஏறி ஆரோக்கியமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஒருமுறை கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்குச் சேர்ந்து போயிருந்தோம். சாப்பிட்டு முடித்து ஊரே பீடா தேடிக்கொண்டிருக்க, இவர் சமையல்காரரைத் தேடிப் பின்பக்கம் போனார். "தம்பி, ரெண்டாவது பந்தியில பாயாசம் தண்ணியா இருந்துச்சு. முதல் பந்தியில ஓகே. நான் ரெண்டுலயும் உக்காந்து பாத்தேன்" என்றார். அந்த ஆள் கரண்டியோடு திரும்பியதைப் பார்த்து நான் இவரை இழுத்துக்கொண்டு வந்தேன். வரும் வழியில் இவர் சொன்ன வார்த்தை இருக்கிறதே, அதுதான் இந்த இனத்தின் தேசிய கீதம்: "நான் கொற சொல்லல. ரெக்கார்டுக்காகச் சொல்றேன்."

எழுதிக் கொடுப்பதோடு முடிகிறதா? ரெஃபரன்ஸ் நம்பர் வேண்டும். நம்பர் கொடுக்காத ஆபீஸில் அவர் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. லோகேஸ்வரி என்னிடம் சொன்னார்: "எங்க கல்யாண நாள் இவருக்கு ஞாபகம் இல்லண்ணே. ரெண்டாயிரத்து ஒன்பதுல குழாய் ஒடஞ்சதுக்கு வாங்குன நம்பர கேளுங்க, பன்னெண்டு எழுத்தையும் மூச்சு விடாம சொல்வாரு." எங்கள் பக்கத்துச் சின்னக் கோயிலில் குறை எழுதப் போராங்கே கிடையாது என்று தெரிந்ததும் அவரே நூறு தாள் அச்சடித்து, ஒரு பெட்டியும் செய்து, செருப்பு விடும் இடத்தில் தொங்கவிட்டார். அந்தப் பெட்டியில் விழுந்த முதல் தாளில் அவரைப் பற்றித்தான் எழுதியிருந்தது. தேதி, மணி இல்லாத காரணத்தால் அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

சிரிக்கிறோம். ஆனால் இதையும் சொல்லத்தான் வேண்டும்: எங்கள் மாடிப்படியில் எந்த விளக்காவது எரிகிறதென்றால் அது அவர் எழுதியதால் எரிகிறது. அந்த வெளிச்சத்தில் நின்றுகொண்டுதான் நாங்கள் அவரைக் கேலி செய்கிறோம்.

இப்போது அணு உலைக்கு வருவோம்.

சுகுமாறன் வேலை செய்வது கிள்ளான் பக்கம் ஓர் இரும்புச் சாமான் கம்பெனியில். அங்கே என்ன செய்கிறார்கள் என்று வாசு எனக்கு டிஷ்யூ பேப்பரில் படம் போட்டுக் காட்டினான். பெரிய குழாய்களில் வால்வு இருக்கும். நம் வீட்டு வால்வு என்றால் கையால் திருகிவிடலாம். அணுமின் நிலையத்து வால்வு ஓர் ஆள் உயரம் இருக்குமாம். அதைத் திறந்து மூட, தலைமேல் ஒரு மோட்டார் பெட்டி உட்கார்ந்திருக்கும். ஆக்சுவேட்டர் என்று பேர். அந்த மோட்டாரின் தண்டும் ஒரு பல்சக்கரமும் சேர்ந்து சுற்றுவதற்காக, இரண்டுக்கும் நடுவே விரல் கணு அளவில் ஓர் இரும்புத் துண்டைச் செருகி வைப்பார்கள். அதற்குச் சாவி என்று பேர். எந்தப் பூட்டையும் திறக்காது, ஆனாலும் சாவி. அது கெட்டி இரும்பாக இருக்க வேண்டும். மெத்தென்ற இரும்பாக இருந்தால் ஒருநாள் பாரம் தாங்காமல் வெட்டுப்பட்டுப் போகும். அப்போது மோட்டார் சுற்றும், வால்வு அசையாது. சத்தம் மட்டும் வரும், வேலை நடக்காது. இதைப் புரிந்துகொள்ள இஞ்சினியரிங் படிக்க வேண்டியதில்லை. ஏதாவது ஒரு சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போய்வந்திருந்தால் போதும்.

அந்தச் சாவிகளைச் சோதித்து, நல்ல சாமான் என்று தாளில் முத்திரை குத்துவது சுகுமாறன். சின்ன ரப்பர் முத்திரை, ஒரு வட்டம், வட்டத்துக்குள் பதினேழு. பத்தொன்பது வருஷம் அந்த நம்பர் அவருடையது. கம்பெனியில் மேனேஜர்கள் மாறினார்கள், கூரை மாறியது, பேர்கூட ஒருமுறை மாறியது. பதினேழு மாறவில்லை. விருந்தில் யாராவது கை கொடுத்தால் "சுகுமாறன், செவன்டீன்" என்பார். வயதைச் சொல்கிறாரா, வீட்டு நம்பரைச் சொல்கிறாரா என்று அவர்கள் முழிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட அவர் கட்டை விரல் சாப்பாட்டு மேசையை அழுத்தி அழுத்தி எடுக்குமாம். லோகேஸ்வரி ஆரம்பத்தில் அதை ஒரு வியாதி என்று நினைத்திருக்கிறார்.

இந்த மனிதரின் கதையில் பழுது எங்கே நுழைந்தது தெரியுமா? போன ஆயுத பூசையில்.

அந்தக் கம்பெனியில் நம் ஆட்கள் இருபது வருஷமாக ஆயுத பூசை செய்கிறார்கள். சும்மா கிடைத்ததில்லை அது. ஸ்டோர்காரர் அய்யாவு ஒவ்வொரு மேனேஜரிடமும் போய் நின்று, கெஞ்சிக் கேட்டு, அரை நாள் அனுமதி வாங்கி வைத்திருக்கிறார். வாழைக் கன்று கட்டுவது, பொரி கடலை பொட்டலம் போடுவது, தேங்காய் உடைப்பது எல்லாம் அய்யாவு பொறுப்பு. பொட்டு வைப்பது மட்டும் சுகுமாறன். ஏன் என்றால் அவர் வைத்தால் ஒன்றும் விட்டுப்போகாது. கையில் பட்டியல் இருக்கும். லேத் மெஷினுக்கு வைப்பார், ஃபோர்க்லிஃப்ட்டுக்கு வைப்பார், அளவு பார்க்கும் கருவிக்கு, தீயணைக்கும் சிலிண்டருக்கு, மேனேஜர் தியோவின் கால்குலேட்டருக்கு, பாத்ரூம் வாளிக்கு. அதற்கு முந்தின வருஷம் ஒரு துடைப்பம் விட்டுப்போய், அதைப் பற்றி அவரே அய்யாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

போன வருஷம் எல்லாவற்றுக்கும் வைத்து முடித்துக் கடைசியாக ஸ்டோரில் இரும்புக் கம்பிகள் அடுக்கியிருந்த இடத்துக்கு வந்தார். அதற்குள் குங்குமம் தீர்ந்துவிட்டது.

"வெறும் கம்பிக்கு எதுக்குயா பொட்டு? வா, தேங்கா உடைக்கணும், நேரமாச்சு" என்றார் அய்யாவு.

"லிஸ்ட்ல 'ஸ்டோர் முழுக்க'ன்னு நீதான எழுதியிருக்க?"

"குங்குமம் இல்லியே லா!"

"சந்தனம் இருக்குல்ல."

மஞ்சள் தூளும் பன்னீரும் விட்டுக் கெட்டியாகக் குழைத்த சந்தனம். ஒவ்வொரு கம்பியின் முனையிலும் கட்டை விரலால், முத்திரை குத்துகிற அதே அழுத்தத்தோடு, சுத்தமான மஞ்சள் வட்டம். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

இனி அந்தக் கம்பெனியின் வழக்கத்தைக் கேளுங்கள். கெட்டி இரும்புக் கம்பி வந்து இறங்கியதும் அதன் முனையில் மஞ்சள் பெயிண்ட் அடிக்க இரண்டு பேர் இருக்கிறார்கள். சாதாக் கம்பிக்கு ஒன்றும் கிடையாது.

நான் மேலே சொல்ல வேண்டுமா? பூசை முடிந்து அடுத்த வாரம் வாசு அணுமின் நிலையத்து ஆர்டருக்கு அறுபது சாவி வெட்டினான். முதல் கம்பி மஞ்சள் முனை, நிஜப் பெயிண்ட். அது முப்பது சாவியோடு தீர்ந்தது. இரண்டாவது கம்பியும் மஞ்சள் முனைதான், ஆனால் சாமிக்கு வைத்த மஞ்சள். சோதிக்க வேண்டியவர் சோதிக்கவில்லையா? சோதித்தார். ஒவ்வொரு தட்டிலும் முதல் துண்டை எடுத்துக் கெட்டி பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அறுபதும் ஒரே தட்டில் இருந்தன. முதல் துண்டை எடுத்தார், கெட்டியாக இருந்தது, பதினேழைக் குத்தினார். சாவிகள் பெட்டியில் ஏறிக் கப்பலில் போய்விட்டன.

ஆறு வாரம் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் கேன்டீனில் வாசு பெருமை அடித்துக்கொண்டிருந்தான்.

"பூசை முடிஞ்ச வாரம் ஒரு கம்பி வெட்டுனேன் பாரு, கேக்கு மாதிரி லா! பிளேடு சூடே ஆவல. எல்லா கம்பியும் அப்படி வந்தா நான் உக்காந்துகிட்டே வேலை செய்வேன்."

பக்கத்து மேசையில் மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுகுமாறனின் முள்கரண்டி அந்தரத்தில் நின்றது.

"எந்தக் கம்பிடா?"

"மஞ்ச முனதான்ணே."

"மஞ்ச முனை எப்படிடா கேக்கு மாதிரி வெட்டும்?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? நான் என்ன இரும்பப் பெத்தவனா?"

சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு அவர் துண்டுத் தொட்டிக்குப் போனார். வெட்டி மிஞ்சிய கம்பி முனைகளை அங்கேதான் போட்டு வைப்பார்கள். ஒவ்வொன்றாக எடுத்து, எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். பெயிண்ட் அடித்த முனை அசையவில்லை. இன்னொரு முனையில் மஞ்சள் கரைந்து விரலில் வந்தது. விரலை மூக்குக்குக் கொண்டுபோனார்.

பின்னாலேயே வந்த வாசு, "அண்ணே, என்னத்த மோந்து பாக்குறீங்க?" என்றான்.

"பூசை வாசன வருதுடா" என்றார் சுகுமாறன்.

அந்தத் துண்டைக் கெட்டி பார்க்கும் மெஷினில் வைத்து மூன்று முறை அழுத்திப் பார்த்தார். மூன்று முறையும் முள் பாதியிலேயே நின்றது.

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்தி, இந்த இனத்தைப் பற்றி ஒரு ரகசியம் சொல்கிறேன். போராங் மனிதர்கள் அடுத்தவர் குறையைக் கழுகு மாதிரிப் பார்ப்பார்கள். தங்கள் குறை எதிரே வந்து நின்றால், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள், அது போகும்வரை துடைப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு போராங் மனிதர், கார் நிறுத்தும் கோட்டைப் பற்றி மாதம் இரண்டு புகார் எழுதுவார். அவருடைய கார் இரண்டு கோட்டுக்கும் நடுவில்தான் நிற்கும். அதனால் சுகுமாறன் என்ன செய்வார் என்று யாராவது அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால், கண்ணாடி துடைப்பார் என்றுதான் சொல்லியிருப்பேன்.

முதலில் துடைக்கத்தான் செய்தார். அய்யாவுவிடம் போய் விஷயத்தைச் சொன்னார். அய்யாவு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் வாசுவுக்கும். இப்ப உனக்கு."

"அப்ப யாருக்கும் தெரியாது. விடு."

"சாவி வெட்டுப்பட்டா வால்வு மூடாது, அய்யாவு. அது மீன் கடை வால்வு இல்ல."

"சரி, எழுது. நான் வேணாங்கல. ஆனா கம்பி வித்தவன் தப்பான கம்பிய அனுப்பிட்டான்னு எழுது."

"அவன் சரியாத்தான அனுப்பியிருக்கான்."

"எவன் பாத்தான்?"

"நான் பாத்தேன். மஞ்சப் பொட்டு வெச்சவனே நான்."

அய்யாவு கும்பிடாத குறை. "சுகு, இருபது வருஷம் கேட்டுக் கேட்டு வாங்குன பூசைடா. சந்தனம்னு ஒரு வார்த்தை தாள்ல வந்துச்சுன்னா, அடுத்த வருஷம் தியோ ஒரு ஊதுபத்தி கூட கொளுத்த விட மாட்டான். அத விடு. உன் நம்பர நெனச்சுப் பாத்தியா? தப்பான சாமானுக்கு முத்திரை குத்துனவன்னு ஆயிருச்சுன்னா, பதினேழு உன் கையில இருக்குமா?"

சுகுமாறன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எழுந்து வெளியே வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டு மேசையில் போராங்கை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாமானின் பேர் எழுதினார், எண்ணிக்கை எழுதினார், தேதி எழுதினார். 'பழுதுக்குக் காரணம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. இரண்டாவது பேனாவை எடுத்தார். அதுவும் நின்றது. பேனாவைப் பற்றி யாருக்கும் எழுதத் தோன்றவில்லை. லோகேஸ்வரி மேசையைச் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"லோகா, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். ஒரு ஆளு ஒரு தப்பு பண்ணிட்டான்னு வெச்சுக்கயேன்..."

"நீங்களா?"

"ஒரு ஆளுன்னு சொல்றேன்ல."

"நீங்கதான். வேற ஆளா இருந்தா இந்நேரம் எழுதி, நம்பர் வாங்கி, என்னை உக்கார வெச்சு படிச்சும் காட்டியிருப்பீங்க."

சுகுமாறன் கண்ணாடியைக் கழற்றினார்.

"துடச்சது போதும், போடுங்க" என்றார் லோகேஸ்வரி. "முப்பது வருஷமா ஊர்ல ஒருத்தர விட்டதில்ல நீங்க. எங்கம்மா வெச்ச ரசத்தையே எழுதிக் குடுத்த ஆளு. இப்ப மட்டும் என்ன வெட்கம்?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதினார்.

மறுநாள் காலை அது மேனேஜர் தியோவின் மேசைக்குப் போனது. தியோ பேசுவது பாதி ஆங்கிலம், பாதி மலாய். வாசு கதவோரம் நின்று கேட்டதை நான் தமிழில் தருகிறேன்.

"சுகு ஆ, இது என்ன? 'சந்தனம், பூசைக்காக, கட்டை விரலால் வைக்கப்பட்டது'. இதை அந்த வெளிநாட்டுக்காரன் படிச்சா என்ன நெனப்பான்? அடையாளம் போட்டதுல தவறுன்னு போடு லா. சாவிய திரும்ப வாங்கிக்கலாம், வேற குடுக்கலாம், விஷயம் முடிஞ்சுது."

"அப்படிப் போட்டா பெயிண்ட் அடிக்கிற ரெண்டு பேரு மேல விழும், பொஸ். அவங்க சரியாத்தான் அடிச்சிருக்காங்க. நான் பாத்துட்டேன்."

"நீ ஏன் இப்படி இருக்க?"

"படமும் சேத்திருக்கேன், பொஸ். பக்கத்துல ஐம்பது சென் வெச்சு எடுத்தது."

தியோ படத்தை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாராம். "இது உனக்கு எங்க போய் முடியும்னு தெரியுமா?"

"தெரியும். ஒரு காப்பி மட்டும் எனக்கு வேணும்."

போராங் அந்த அணுமின் நிலையத்துக்குப் போனது. ஒரு வாரம் கழித்து அங்கிருந்து கேள்விகள் வந்தன. பொட்டு என்றால் என்ன? எவ்வளவு கனம்? எந்தெந்தக் கருவிகளுக்கு வைக்கப்படும்? சந்தனம் இரும்பை அரிக்குமா? சாதாரண மனிதனாக இருந்தால் தூக்கில் தொங்கலாமா என்று யோசித்திருப்பான். சுகுமாறன் வாழ்க்கையில் அவரிடம் யாரும் இத்தனை கேள்வி கேட்டதில்லை. நாலு பக்கம் பதில் எழுதினார், படம் போட்டார், கம்பியில் சந்தனம் தடவி ஒரு வாரம் வெயிலில் வைத்து, துரு ஏறவில்லை என்றும் எழுதினார். கடைசியில் ஒரு கடிதம் வந்தது. அறுபது சாவிகளையும் சோதித்ததில் முப்பது மெத்தென்று இருந்தன. அதில் இருபத்திரண்டு பெட்டியிலேயே இருந்தன. எட்டு மட்டும் வால்வுகளில் மாட்டப்பட்டிருந்தன. அந்த உலை அப்போது பராமரிப்புக்காக ஏற்கெனவே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது, திரும்ப ஓட்டுவதற்கு முன் எட்டையும் மாற்றிவிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடிதத்தின் தலையில் பத்தொன்பது எழுத்தில் ஒரு ரெஃபரன்ஸ் நம்பர். அதை மட்டும் வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். லோகேஸ்வரி அதற்குப் பக்கத்தில் கல்யாணத் தேதியையும் எழுதி ஒட்டியிருக்கிறார்.

அடுத்த திங்கட்கிழமை பதினேழாம் நம்பர் முத்திரை சுகுமாறனிடம் இல்லை. கம்பெனிகள் எப்படி என்று நமக்குத் தெரியாதா? பத்தொன்பது வருஷ உழைப்பை ஒரே நாளில் வாங்கிக்கொண்டு, பெட்டி கட்டும் பகுதியில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். அங்கே போன இரண்டாம் நாளே, ஒட்டுகிற டேப் ஒரு பக்கம் அரை இஞ்சு ஏறி ஒட்டுகிறது என்று எழுதிக் கொடுத்தார். டேப்பை மாற்றினார்கள்.

பூசை? அதுதான் வேடிக்கை. தியோ நிறுத்தவில்லை. "செய்யுங்க, ஆனா எழுத்துல இருக்கணும்" என்று சொல்லி, எழுதுகிற வேலையைச் சுகுமாறனுக்கே கொடுத்துவிட்டார். ஏழு பக்கம் வந்திருக்கிறது. குங்குமம் இல்லாமல் தனிச் சந்தனம் வைக்கக் கூடாது என்பது நாலாம் பக்கம். இரும்புக் கம்பிகளுக்குப் பூ மட்டும் போடலாம் என்பது ஐந்தாம் பக்கம். பதினோரு நாள் சுகுமாறனோடு பேசாமல் இருந்த அய்யாவு பன்னிரண்டாம் நாள் வாய் திறந்தார். "டேய், தேங்கா உடைக்கிறதுக்கு முன்னாடி ஒன்பது கட்டத்துல டிக் அடிக்கணுமாம். சாமிக்குப் பொறுமை இருக்குமாடா?"

சரி, சுகுமாறனைப் பார்த்துச் சிரித்தாகிவிட்டது. இனி உங்களைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா? இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, முப்பதும் முப்பதும் அறுபது, இருபத்திரண்டும் எட்டும் முப்பது என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்தீர்களா? ஆறு வாரம் கழித்துச் சந்தனம் மணக்குமா என்று சந்தேகப்பட்டீர்களா? கதவோரம் நின்ற வாசுவை யார் வேலை செய்யாமல் நிற்கவிட்டது என்று கேட்டீர்களா? பத்திரிகைக்காரருக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் என்ன என்று இப்போது கை பேனாவைத் தேடுகிறதா? தேடட்டும். தேதியும் மணியும் மறக்காமல் போடுங்கள்.

எனக்கு முதல் புகார் வந்துவிட்டது. பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் இதை எடுத்துக்கொண்டு ஆறாம் மாடிக்குப் போய்ச் சுகுமாறனுக்குப் படித்துக் காட்டினேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அணு உலையை அவர் நிறுத்தவில்லை என்று நான் எழுதியது சரி என்று டிக் அடித்தார். கதிர்வீச்சு இல்லை, டிக். கம்பெனி முத்திரையை வாங்கிக்கொண்டது என்ற இடத்தில் பேனாவால் தாளைத் தட்டினார்.

"ஊர்ல பேசுறானுங்க, சரி. நீயும் இப்படியா எழுதுவ? யாரும் புடுங்கல. தியோ வேணாம்னுதான் சொன்னாரு. அந்தப் போராங்ல கடைசியா ஒரு கட்டம் இருக்கு, 'மறுபடி நடக்காம இருக்க என்ன செஞ்சீங்க'ன்னு. எல்லாரும் 'ஆளுங்களுக்குப் புத்தி சொன்னோம்'னு எழுதி ஒப்பேத்திடுவானுங்க. நான் 'பதினேழாம் நம்பர் முத்திரை திருப்பிக் குடுக்கப்பட்டது'ன்னு எழுதுனேன். எழுதிட்டா குடுக்கணும்ல?"